எதுக்குங்க சரி?

மகள் சைக்கிளில் மலை இறங்கும்போது நான் பிக்கப் வண்டியில் பின்னால் போவேன். அவள் சீட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். கொண்டை ஊசி வளைவு வந்தால் அது மறையும். நானும் வளைந்து திரும்பி, அது மறுபடி கண்ணில் படும்வரை எனக்கு மூச்சு வராது. அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் ஸ்டியரிங் ஈரமாகிவிடும்.

இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் எதிரே நின்றால் எனக்கு ஒரே வார்த்தைதான் வரும்: சரிங்க. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்றச் சொன்னாலும் சரிங்க, லீவு கிடையாது என்றாலும் சரிங்க. வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டு போவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

கோச்சம்மா முதன்முதலாகத் தலைச்சோலையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். சேலத்திலிருந்து வந்து பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் ரேஸ் பழக்குகிறவர். மகளைச் சேர்த்துக்கொள்ள என்னிடம் கேட்க வந்திருந்தார். எந்த ரோட்டில் ஓட்டுவார்கள், எந்த நேரத்தில், விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சரிங்க என்றேன்.

“அவருகிட்டக் கேட்டு என்னங்க பண்றது? கிணத்துல குதின்னாலும் சரிங்கம்பாரு,” என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்.

மகள் சிரித்தாள். கோச்சம்மா சிரிக்கவில்லை. 

மழை மாதத்தில் ஒரு காலை. அடுத்த ஞாயிறு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கோச்சம்மா ஸ்கூட்டரில் முன்னால், மகள் நடுவில், நான் கடைசியில். ரோடு நனைந்து கிடந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு யாரோ குரங்குகளுக்கு வாழைப்பழம் வீசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு அந்த வளைவுக்குள் மறைந்தது. நான் திரும்பியபோது விளக்கு இல்லை.

சைக்கிள் ரோட்டில் கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பழத்துக்காகக் குறுக்கே பாய்ந்த குரங்கு ரோட்டோரச் சுவரில் ஏறி உட்கார்ந்து தின்றது. மகள் ரோட்டின் நடுவே உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது.

நான் அவளிடம் போகவில்லை. அவளைத் தாண்டிக் கீழே ஓடினேன். கத்த வேண்டும் என்று வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மூடுபனிக்குள்ளிருந்து பஸ் வந்து, என் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “யோவ், சாகறதுக்கு எம்பட பஸ்ஸுதான் கெடச்சுதா?”

“சரிங்க,” என்றேன்.

திரும்பி ஓடி வந்தபோது கோச்சம்மாவும் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். மகள் பக்கத்தில் மண்டியிட்டு, “எந்திரிக்காத கண்ணு. இன்னைக்கு என்ன கெழம?” என்று கேட்டார். மகள் சரியாகச் சொன்னாள். முட்டியில் மட்டும் சிராய்ப்பு. ஆனால் கோச்சம்மா ஹெல்மெட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தெர்மாகோல் மாதிரி இருக்கும் அந்தப் பகுதி வாய் பிளந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஓய்வாக இருந்தால் நல்லது என்றார்.

“நல்லதுன்னுதான் சொன்னாரு. ஓட்டக்கூடாதுன்னு சொல்லல மேம்,” என்று மகள் அழுதாள்.

“தலையில அடி பட்டிருக்குது. நான் கூட்டிட்டுப் போகமாட்டேன் சாமி. கோவிச்சுக்கோ.”

அப்போது கோச்சம்மாவின் போன் அடித்தது. ஆள் எடுக்கிறவர்களில் ஒருவர். அவர் சத்தம் எனக்கே கேட்டது. மலையிலிருந்து வரும் ஒரே பிள்ளை, இவளை விட்டால் எப்படி என்றார். கோச்சம்மா மறுபடி மறுபடி முடியாது என்றார். கடைசியில் போனில் இருந்தவர், “நீங்க கூட்டிட்டு வராட்டிப் போங்க. நாங்க கார் அனுப்பறோம். அவங்கப்பா சரின்னா போதும். போனைக் குடுங்க,” என்றார்.

கோச்சம்மா போனைக் கையால் மூடினார். “அண்ணா, நான் வேண்டாமுன்னுட்டேன். இனி உங்களைத்தான் கேக்கறாங்க.”

போனை வாங்கிக் காதில் வைத்தேன். மகள் கையைக் கூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, பாப்பா நல்லாத்தான இருக்குது? ஞாயித்துக்கிழமை காலையில கார் வந்துரும். ஏத்தி உட்ருங்க. சரிங்களா?”

“சரிங்க,” என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

மகள் முகம் மலர்ந்தது. கோச்சம்மா போனைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாக, “எதுக்குங்கண்ணா சரி?” என்று மட்டும் கேட்டார்.

சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சக்கரம் கண்ணுக்குள் வந்தது.

“இல்லீங்க,” என்றேன். “அனுப்பறதுக்குச் சரி சொல்லலீங்க. அனுப்பமாட்டனுங்க.”

போனில் அவர் ஏதோ கோபமாகச் சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. போனைக் கோச்சம்மாவிடம் கொடுத்தேன்.

ஞாயிறு வந்தது, போனது. மகளுக்குத் தலைவலிகூட வரவில்லை. “ஒன்னுமே ஆகல, பாத்தீங்களா? ரெண்டு பேருஞ் சேந்து கெடுத்துட்டீங்க,” என்றாள்.   ரொம்ப நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். கோச்சம்மா வீட்டுக்கு வந்து, “என்மேல கோவப்படு கண்ணு. அப்பாவ உட்ரு,” என்று சொல்லிப் பார்த்தார்.

டாக்டர் மறுபடி பார்த்து ஓட்டலாம் என்ற பிறகு, புது ஹெல்மெட்டோடு அவள் மலை உச்சியில் வந்து நின்றாள். கோச்சம்மா ஸ்கூட்டரைக் கிளப்பாமல் என் வண்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்.

“எறங்கட்டுங்களா, வேண்டாமுங்களா?”

இப்போதெல்லாம் அவர் இப்படித்தான் கேட்கிறார். இதற்குச் சரிங்க என்று சொல்ல முடியாது. நான் ரோட்டைப் பார்த்தேன். ஈரமில்லை, கீழ் வளைவு வரை தெரிந்தது. மகள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

“எறங்கட்டுங்க,” என்றேன்.

 முன்பெல்லாம் அவளை அனுப்பியது யாரோ. இப்போது நான். சிவப்பு விளக்கு முதல் வளைவில் மறைந்தது. கியரைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.