இருபத்திரண்டு படிகள்

பத்தாவது மட்டும் படித்தவன் எழுத வந்ததற்கு மன்னிக்கவும். இதை நேரில் யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குப் போலியோ கால். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில், மயிலாப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வருடம் ஒருமுறை எங்களிடம் வரவேண்டும். மாடி ஏற முடியாதவர்களை அதிகாரியே இறங்கி வந்து பார்ப்பார். அவரிடம் போய்ச் சொல்வது என் வேலை.

போன மாதம், பக்கவாதம் வந்த ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன், நேர்முகத் தேர்வில் என் சான்றிதழைச் சரிபார்த்தவர். "நெஜமா நொண்டியா, நடிக்கிறியா? இன்னொரு தபா ஏறு" என்று எல்லோர் முன்னாலும் என்னை மூன்று முறை படியேற வைத்தவர்.

"ஆபீசர் கீழ வரமாட்டாரு சார். நீங்கதான் மேல ஏறணும்" என்று பொய் சொன்னேன்.

அவர் திணறுவதைப் பார்ப்பதற்காகவே நானும் கூட ஏறினேன். இனித்தது. பாதியில் அவர் சுவரில் சாய்ந்தபோது கேட்டேன். "என்னை மூணு தபா ஏற வெச்சீங்களே, ஞாபகம் கீதா?"

உற்றுப் பார்த்தார். "எத்தினியோ பேரை ஏற வெச்சேன் நைனா. அதுல நீ யாரு?"

இத்தனை வருடம் அவர் முகம் என்னை விட்டுப் போகவில்லை. அவருக்கு என் முகமே இல்லை. மன்னிக்க அப்போதும் மனம் வரவில்லை.

"இன்னும் பதினோரு படி கீது. ஏறுங்க" என்றேன்.

மறுநாள் என் கால் வீங்கிவிட்டது. மருத்துவ விடுப்பு எடுத்தேன்.