நெல் நிற்கிற மைதானமும் ஐந்தாவது கையெழுத்தும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தனிக் கால்பந்துச் சங்கம் எப்படி வாங்கினீர்கள், யார் யாரைப் பார்த்தீர்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று வெளி மாவட்டங்களிலிருந்து இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு பேரும் இதைப் படித்துக்கொள்ளட்டும். இதே வேலைக்குக் கிளம்பப் போகிற மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

நவம்பர் முதல் தேதி நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தோம். நாகர்கோவிலில் வெடி போட்டார்கள், நானும் போட்டேன். பத்து நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் கால்பந்துக் குழுக்கள் எல்லாம் திருவனந்தபுரத்தில் பதிவானவை. எல்லை நகர்ந்துவிட்டதால் அந்தப் பதிவு செல்லாது. தேசியச் சம்மேளனம் ஒரு ராஜ்யத்துக்கு ஒரு சங்கத்தைத்தான் அங்கீகரிக்கும். ராஜ்யச் சங்கம் ஒரு மாவட்டத்துக்கு ஒன்றை. சென்னைக்கு எழுதிக் கேட்டோம், சர்க்குலர் வந்தது. ஐந்து குழுக்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அளந்த மைதானம் வேண்டும், காரியதரிசியின் கையெழுத்து வேண்டும். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமைக்குள் பூர்த்தி செய்த விண்ணப்பப் பாரங்கள் சென்னையில் இருக்க வேண்டும். தவறினால் இந்த வருஷம் மாவட்டம் கிடையாது, மாவட்டத்தின் பெயரில் யாரையும் ராஜ்ய அணித் தேர்வுக்கு அனுப்ப முடியாது.

இதில் உண்மையாக அடிபடப் போகிறவன் ஒருவன்தான். ஞானதாஸ். கோட்டாற்றில் தையல் கடை வைத்திருக்கிறான், எங்கள் குழுவின் இடதுகோடி ஆட்டக்காரன். வயது இருபத்தாறு. வலது முழங்கால் இரண்டு தடவை விலகிச் சேர்ந்தது. அடுத்த வருஷத் தேர்வு என்பது அவனுக்குக் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். எனவே, நான் கூப்பிடாமலே சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றான்.

கோட்டாறு, நாகர்கோவில், சுசீந்திரம் ஆகிய மூன்று பாரங்கள் கையில் இருந்தன. மிச்சம் திருவட்டாறும் குழித்துறையும். நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர், அதனால் அளக்கிற வேலை என் தலையில். நூறடி அளவுச் சங்கிலியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டேன். நடக்கும்போது அது கலகலவென்று சத்தம் போடும்.

கண்டக்டர் சாக்கைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

“இது என்னது வே?”

“சங்கிலி.”

“திருவட்டாத்துக்கா? கோயில் ஆனைக்காக்கும்?”

“பந்து விளையாடுத எடத்த அளக்க.”

“பந்து பிச்சிட்டு ஓடிராம கெட்டிப் போடவா?” என்று கேட்டுவிட்டு, சாக்குக்கும் இரண்டணா டிக்கெட் கிழித்தார். வாதாடினேன், பலிக்கவில்லை. ஆள் டிக்கெட் எட்டணா. தக்கலை வரை பத்து மைல் நல்ல சாலை. அங்கிருந்து திருவட்டாறுக்கு எட்டு மைல் சொச்சம், மழையில் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் கரைந்து சாலைக்கு வந்திருந்தது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஒன்பதே காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருவட்டாறு குழுவின் காரியதரிசி கேசவன் எங்களுக்காகக் காத்திருந்தான். நடு ஆட்டக்காரன், வயல்காரன், என் வயதுதான் இருக்கும். கோயில் தெருவைத் தாண்டி கால் மைல் நடத்திக் கூட்டிப்போய் ஒரு வரப்பில் நிறுத்தினான்.

“இதாக்கும் கிரவுண்டு.”

முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நெல் நின்றது. தவளை கத்தியது.

“எங்கே?” என்றேன்.

“இந்தா, ரெண்டு வயலும் சேத்து. மாசியில அறுத்த பொறவு நடு வரப்ப வெட்டி மாத்துவோம். ரெண்டு மாசம் விளையாட்டு. உழவுக்கு முன்ன வரப்பத் திரும்ப வெச்சிருவோம். எங்க அப்பா காலத்துலயே இப்படித்தான்.”

“இப்போ விளையாட எடம்?”

“இப்போ எவன் விளையாடுவான்? நெல்லு நிக்குல்லா.”

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது அதிசயமில்லை. சுசீந்திரத்திலும் கொய்த வயலில்தான் நான் பந்தாடப் பழகினேன். ஆனால் சென்னையிலிருந்து வந்த பாரத்தில் மைதானத்தின் நீளம், அகலம், ‘நிலையாகக் குழுவின் உபயோகத்தில் உள்ளதா’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றாவது கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேசவன்மேல் அல்ல, முன்கூட்டியே கேட்காத என்மேல்.

அளந்தோம். நெல்லுக்குள் இறங்க முடியாது, வரப்பு வழியாகத்தான் சங்கிலி பிடிக்க வேண்டும். ஞானதாஸ் ஒரு முனை, கேசவன் ஒரு முனை, சகதியில் இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டே போனார்கள். நீளம் முந்நூற்றுப் பன்னிரண்டடி. அகலம் இருநூற்று நாலு. விதிப்படி நீளம் முந்நூறடிக்கும் அகலம் நூற்றைம்பதடிக்கும் குறையக் கூடாது. கச்சிதம். இத்தனைக்கும் கேசவனின் அப்பா காலத்தில் யாரும் விதிப் புத்தகம் பார்த்ததில்லை.

மூன்றாவது கட்டத்துக்கு நான் பேனாவைத் திறந்ததும் ஞானதாஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“உண்டுன்னு எழுது.”

“இல்லையே.”

“எடே, அளவு சரியா இருக்கில்லா? நெல்லுக்க கதய மெட்ராஸ்காரனுக்கு எதுக்கு அவிச்சுக் கொட்டணும்? அவன் வந்து பாக்கவா போறான்?”

“பார்த்தா?”

“பாக்கதுக்குள்ள மாசி வந்துரும்.”

நான் எழுதினேன்: ‘இப்போது நெற்பயிர் நிற்கிறது. மாசி அறுவடைக்குப் பின் இரண்டு மாதங்கள் மைதானம்.’ கேசவன் படித்துப் பார்த்து, அதில் என்ன தப்பு என்பதுபோலக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஞானதாஸ் எழுந்து போய்விட்டான். எனக்கும் பயம்தான். ஆனால் பதினேழு பாலங்களுக்கு அளவு எழுதிக் கொடுத்த கை, பதினெட்டாவது இடத்தில் பொய் எழுதப் பழகினால் அப்புறம் நிற்காது.

பதினொரு மணிக்கு இரண்டு வாடகை சைக்கிள் எடுத்துக் குழித்துறைக்குக் கிளம்பினோம். அரை நாளுக்கு நாலணா வீதம். ஐந்து மைல், ஏற்ற இறக்கம் அதிகம், என் கேரியரில் சங்கிலி. ஞானதாஸ் முன்னால் போனான், வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

“எனக்க காலு போச்சுன்னா பரவால்ல. எனக்க பேரு போச்சுன்னா உன்னய விடமாட்டேன்.”

“சரி” என்றேன்.

குழித்துறையில் அளவு பிரச்சினையே இல்லை. ஆற்றங்கரை மைதானம், முந்நூற்று முப்பதுக்கு நூற்றுத் தொண்ணூறு, மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். இந்த மாவட்டத்திலேயே நல்ல தரை அதுதான், எங்கள் கோட்டாற்றுக்காரர்கள் கோபித்தாலும் கோபிக்கட்டும். பிரச்சினை தங்கையன். சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம், குழுவின் கேப்டனும் காரியதரிசியும் அவர்தான். சாப்பாடு போட்டார், மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும். பாரத்தை மட்டும் தொடவில்லை.

“எனக்க டீம்ல நாலு பேரு பாறசாலைக்காரனுவ. நாலு மைலு, இப்ப எல்லைக்கு அந்தப்பக்கம். கோல் நிக்கியது பாறசாலைக்காரன். இதுல ஒப்பு வச்சா அவனுவளுக்கு என்ன?”

“விளையாட முடியாது. ஒரு ஆள் ஒரு ராஜ்யத்தில்தான் பதிய முடியும். அது தேசியச் சம்மேளனத்தின் விதி.”

“அப்ப எல்லையில கல்லு நட்டவன் எனக்க கோலியையும் பிடுங்கிட்டுப் போயிட்டான், என்னா?”

“ஆமாம்.”

சுற்றி நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. தங்கையன் பாரத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். “திருவனந்தபுரத்துல நாங்க இருந்தோம், அங்கயே இருந்துட்டுப் போறோம்” என்றார். அங்கேயும் இனி முடியாது என்று சொன்னேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்க எழுந்து போய்விட்டார்.

ஆட்டத்தைக் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். தங்கையனின் பதினோரு பேரில் ஏழு பேர் காலில் பூட்ஸ். பழக்கம் இன்னும் சரியாகப் படியவில்லை, இரண்டு பேர் இடைவேளையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடினார்கள், ஊர் முழுக்கப் பெருமை பேசினோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஹெல்சிங்கியில் குளிரில் பத்து கோல் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் சம்மேளனம் பூட்ஸ் கட்டாயம் என்று சொன்னது. சரியான முடிவு, நாலு வருஷம் தாமதம். போருக்கு முன் சிம்லாவில் ஆறு சங்கங்கள் கூடி உட்கார்ந்து ஆரம்பித்த சம்மேளனம் அது. அந்த ஆறும் தங்கையனைப் போல முறைத்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் லண்டனும் இல்லை, ஹெல்சிங்கியும் இல்லை.

பாறசாலைக் கோல்கீப்பர் சுகுமாரன் அன்று இரண்டு உறுதியான கோல்களைத் தடுத்தான். தங்கையனுக்கு அவனை விட மனசு வராததில் ஆச்சரியமில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த சாயாக்கடைக்கு வந்தோம். ரேடியோவில் மாலைச் செய்தி. மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு கோல் கணக்கில் தோற்கடித்து அரையிறுதிக்குப் போய்விட்டது. கடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஞானதாஸ் தன் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் ஆற்றைப் பார்த்து நின்றான்.

தங்கையன்தான் முதலில் என்னிடம் திரும்பினார். “ஓவர்சியரே, அந்த டீமுக்குப் போவணும்னா எங்கேருந்து போவணும்?”

“குழுவிலிருந்து மாவட்டம். மாவட்டத்திலிருந்து ராஜ்யம். ராஜ்யத்திலிருந்து சம்மேளனம். சம்மேளனத்திலிருந்து மெல்பர்ன். முதல் படி உங்க பாரம்.”

“அப்ப இவன்?” சுகுமாரனைக் காட்டினார்.

எனக்கு முன்னால் சுகுமாரனே பாதி மலையாளத்தில் பதில் சொன்னான். “தங்கையண்ணா, நிங்ஙள் ஒப்பு வெச்சோ. ஞங்ஙளு பாறசாலையில வேற டீம் உண்டாக்கும். அப்புறம் இங்ஙோட்டு வந்நு நிங்ஙளத் தோற்பிக்கும்.”

“நீ தோப்பிப்பியா?”

“மூணு கோலு.”

“லேய், உன்ன கோலி ஆக்குனது ஆரு?”

“அதான் தோற்பிக்கான் பற்றும். நிங்ஙளுடெ ஷாட்டெல்லாம் எனக்குத் தெரியும்.”

கடையே சிரித்தது. தங்கையனும் சிரித்தார், ஆனால் பேனாவை வாங்கி எழுதும்போது சிரிப்பு இல்லை. பெயரை முழுசாக எழுதி, கீழே தேதியும் போட்டார். சுகுமாரன் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். ஐந்தாவது பாரம் ஆறே காலுக்கு என் பையில் இருந்தது. சைக்கிளை அங்கேயே ஒரு கடையில் விட்டு, திருவட்டாறு போகிற வண்டியில் ஏற்றிவிடச் சொல்லி, ஆறரை பஸ்ஸில் இருபது மைல் திரும்பினோம்.

திங்கட்கிழமைத் தபாலில் ஐந்து பாரங்களும் ரிஜிஸ்டராகப் போயின. மெல்பர்னில் அரையிறுதியில் தோற்றோம், நாலாவது இடம். ஆசியாவில் இதுவரை எவனும் அங்கே போய் நின்றதில்லை. அது போதும் என்று நினைத்துக்கொண்டே தினமும் தபால்காரனைப் பார்த்தேன். ஞானதாஸ் தினமும் என்னைப் பார்த்தான்.

இருபத்திரண்டாவது நாள் கடிதம் வந்தது. தையல் கடையில் வைத்துத்தான் பிரித்தேன், அவன் மிஷினை நிறுத்தவில்லை. கன்னியாகுமரி மாவட்டச் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. திருவட்டாறைப் பற்றித் தனியாக ஒரு வரி: தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இதே மாதிரி மைதானங்கள் உண்டு, போட்டி அட்டவணையை அறுவடைக்குத் தக்கபடி வகுத்துக்கொள்ளவும். அதற்குக் கீழே, ராஜ்யத் தேர்வுக்கு மாவட்டத்திலிருந்து மூன்று பேர் பெயர் அனுப்பவும். ஞானதாஸ் இரண்டு தடவை படித்தான். “நெல்லுன்னு எழுதியும் குடுத்திருக்கானுவளே” என்றான். பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டையின் காலரை வெட்டி எடுத்துத் திரும்பத் தைத்தான். தலைகீழாக வைத்துவிட்டானாம்.

இனி, போகிறவர்களுக்கு. போவதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் இந்த மாதம் வயலில் என்ன நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள், நான் கேட்கவில்லை. நூறடிச் சங்கிலிதான் கொண்டு போக வேண்டும், கயிறு வேண்டாம், மழையில் சுருங்கும். நாலு பிரதி பாரம் அதிகம் வைத்துக்கொள்ளுங்கள், சகதியில் ஒன்று போகும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மேலே இருக்கிறவர்கள் நாம் நினைக்கிற அளவு மடையர்கள் இல்லை. எல்லைப்புறக் குழுவிடம் விதியை மறைக்க வேண்டாம், கேட்டதும் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள், ஆனால் கையெழுத்து நிற்கும். ஒரு நாள், ஆளுக்கு இரண்டு ரூபாய்க்குள் முடியும்.

மூன்று பேரில் ஒருவனாக ஞானதாஸ் இன்று காலை தேர்வுக்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினான், அங்கிருந்து ரயிலில் சென்னை. அவன் பாரத்தில் ‘மாவட்டம்’ என்ற கட்டத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். அங்கீகாரக் கடிதத்துக்கு ஐந்து குழுக்களும் ஆளுக்கொரு நகல் கேட்டன, தட்டச்சு செய்து கொடுத்தேன். தங்கையன் மட்டும் இரண்டு வாங்கினார். ஒன்றைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். மற்றதைப் பாறசாலைக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், புதுக் குழுவுக்காகத் திருவனந்தபுரத்துக்கு மனு எழுத சுகுமாரனுக்கு மாதிரி வேண்டுமாம்.