சாவித் துவாரம் இல்லாத கதவு

கணினியின் விசைப்பலகைமேல் ஊதுகிறார் சாவிக்காரர். அதில் தூசி இல்லை. பகலெல்லாம் சாவியை அரத்தால் ராவி, விழுகிற தூளை ஊதி ஊதிப் பழகிய வாய்க்கு, எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஓர் ஊது வேண்டியிருக்கிறது. பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் திரையைப் பார்க்கிறார். பூட்டுக்குள் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. அப்புறம்தான் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறார்: கதவைத் திற.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பதில் வருகிறது. 'கதவு உங்களை மேலும் கீழும் பார்க்கிறது. திறக்க மனமில்லை என்கிறது.'

"மனசு இல்லையாமே. சரி, நீங்க எவ்வளவு நேரம்தான் முறுக்கிக்கிட்டு நிப்பீங்கன்னு நானும் பாக்கறேன்" என்கிறார் சாவிக்காரர். எந்தக் கதவையும் அவர் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். சோறு போடுகிற தொழில் ஆயிற்றே.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. அவர் உட்கார்ந்துவிட்டால் அது கடை. எழுந்துவிட்டால் வெறும் இடுக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பூட்டைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளை. ஆட்களை அவர் நினைவில் வைத்திருப்பதும் அப்படித்தான். "மாடி வீட்டு அம்மாவா? நல்லவங்கதான். என்ன, கொஞ்சம் அழுத்திச் சாத்தணும்" என்பார். அந்த அம்மாள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவை இழுத்துச் சாத்தி, பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். உள்ளே மனைவி இருந்தாலும் சரி, இழுத்துப் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்த மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போக மாட்டார். அவசரத்துக்குக் கூப்பிடுகிற தொழில். பையை எடுத்தால் பறப்பார். செருப்புச் சத்தம் படியிறங்குவதை வைத்துத்தான் ஆள் போய்விட்டதை மனைவி தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினி சாவிக்காரருடையது அல்ல, மனைவியின் தம்பியுடையது. தன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பழைய பெட்டி, அதில் ஒரே ஒரு விளையாட்டு. கல்லூரி நாளில் கூட்டாளிகளோடு சேர்ந்து அவரே எழுதியது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, சுட்டுத்தள்ள ஆளும் கிடையாது. எல்லாம் எழுத்துத்தான். நாம் ஒன்று எழுதினால் அது ஒன்று எழுதும், பெரும்பாலும் நம் மானத்தை வாங்கும். 'நீங்கள் அரக்கன் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறீர்கள். விருந்து எதுவென்று இப்போதுதான் தெரிகிறது. அரக்கன் பல் தேய்க்கப் போயிருக்கிறான். பல் நிறைய இருப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது.'

சாவிக்காரர் முதல் நாளே விழுந்துவிட்டார். கண்ணாடியைப் பார் என்று எழுதினால், 'பார்த்தீர்கள். கண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொண்டது' என்கிறது. நாற்காலியை எடு என்றால், 'எடுத்தாயிற்று. தலைமேல் நாற்காலியுடன் மிக அழகாக இருக்கிறீர்கள்' என்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சாப்பாட்டு மேசைமேல் பழைய சாவிகளைப் பரப்பி அரக்கன் வீட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறார். பித்தளைச் சாவி கூடம், அலமாரிச் சாவி பரண், வளைந்த சாவி கிணற்றடி. யாரும் அதை நகர்த்தக் கூடாது.

"சமையலறைய எங்க வச்ச?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"அதுலதான் நின்னு வெந்துகிட்டிருக்கேன்" என்றார் அவர்.

எல்லா அறையும் தாண்டி, எல்லாப் பொறியும் தப்பி, வாசல் கதவில் வந்து மாட்டிக்கொண்டார். அதோடு சரி. உதைத்தார். 'கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நொண்டிக்கொண்டே தொடரவும்.' எண்ணெய் போட்டார். 'நன்றி. ஆனால் வலி கீலில் இல்லை, மனத்தில்.' கடைசியில் தன் தொழிலையே காட்டினார்: சாவி போடு. 'எங்கே? எனக்குச் சாவித் துவாரமே கிடையாது' என்றது கதவு. அன்றைக்கு மனிதர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வெளியே போகிறேன் என்று எழுதினால் மட்டும் ஒரு விசித்திரமான பதில்: 'போகிறேன் என்பவருக்கு எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது?' அதையும் ஒற்றைக் கண்ணால் நூறு முறை படித்திருப்பார். திமிர் என்று விட்டுவிட்டார்.

இன்று சாயங்காலம் கணினி திரும்பிப் போகிறது. மத்தியானமே மைத்துனரின் தொலைபேசி வந்தது. "கெளம்பிட்டேன் மாமா. ஊர்ல உள்ள கதவெல்லாம் தெறக்கறீங்க, நான் எழுதின ஒத்தக் கதவு தெறக்கலயா? சொல்லித் தரவா?"

"வாய மூடு மாப்ள. கொல்லன் தெருவுலயே ஊசி விக்கறியா? நீ வர்றதுக்குள்ள தெறந்திருக்கும்."

சொல்லிவிட்டார். சொல்லிக் கேட்டுத் திறந்தால் இனி எந்த முகத்தோடு இன்னொருவர் பூட்டைத் தொடுவது? கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர், அப்போதிலிருந்து கதவோடு மல்லுக்கு நிற்கிறார். கெஞ்சினார், மிரட்டினார், பாடக்கூடச் செய்தார். 'இதற்கு அரக்கனே மேல்' என்றது கதவு.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மாடி வீட்டு அம்மாள். கதவு சாத்திக்கொண்டதாம், சாவி உள்ளே, அடுப்பில் பால். சாவிக்காரர் பையைத் தோளில் மாட்டினார். மைத்துனர் வந்து சேர்வதற்குள் திரும்ப முடியாது. தோற்றாயிற்று. எப்போதும் சொல்லாதவர் இன்றைக்கு வாய் திறந்தார்.

"போறேன்."

கூடத்தில் மனைவி மறுநாள் வேலைக்குப் போட்டுப்போகும் தன் ஆய்வகக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அதிசயமா இன்னைக்குத்தான் வாயத் தெறந்தீங்க, அதையும் போறேன்னா சொல்றது? வரேன்னு சொல்லுங்க. அப்பத்தான வீடு வெளிய விடும்."

ஒரு காலில் செருப்போடு சாவிக்காரர் அப்படியே நின்றார். நூறு முறை படித்த 'போகிறேன் என்பவருக்கு' நினைவுக்கு வந்தது. அந்தச் செருப்போடு ஓடி நாற்காலியில் விழுந்தார். ஊதவில்லை, கண்ணை மூடவில்லை. அவசரத்தில் 'வ'வுக்குப் பதில் வேறு எழுத்து விழுந்து, அழித்து, மறுபடி தட்டினார்: வருகிறேன்.

'அப்பாடா. இத்தனை நாளில் மரியாதை தெரிந்த ஒரு விருந்தாளி. போய் வாருங்கள்' என்றது கதவு. எழுத்துகள் இரண்டு பக்கமாக விலகின. நடுவில் பச்சையாக ஒரு தெரு.

"தெறந்துட்டாங்க. இங்க பாரு, தெறந்துட்டாங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் சாவிகள் மேசையில் குதித்தன. அரக்கன் வீட்டுக் கிணற்றடி கீழே விழுந்தது.

"வெண்ணெய கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. ஓடுங்க, அங்க பால் பொங்குது" என்றார் மனைவி. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பறந்தார். செருப்புச் சத்தம் தடதடவென்று படியிறங்கியது. பாதியில் நின்றது. பிறகு ஏறி வந்தது. மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றவர், பழக்கத்தில் பிடியை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வரேன்" என்றார்.

திரும்பி இறங்கினார். கதவு அகலத் திறந்தபடி கிடந்தது. அவர் அதை இழுத்துச் சாத்தவில்லை.