எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் தட்டிய கைகள்

கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் இஸ்திரிப்பெட்டி ஓடும்போது இலேசான கருகலோடு ஒரு வாசம் எழுமே, அது மூக்கில் பட்டால் எழுபதுகளின் சிட்னியில், ஃபெயார்ஃபீல்டில் நாங்கள் இருந்த செங்கல் அடுக்குமாடியின் 'குசினி', அந்தச் சமையலறைதான் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே அம்மா நின்று ஒரு 'லேஞ்சி'யை, அதாவது கைக்குட்டையை, நாலாக மடித்துக்கொண்டிருப்பார், எனக்கல்ல, எதிர்வீட்டு மரிசோலுக்கு.

மரிசோலுக்கும் என் வயதுதான், ஒன்பது. சிலி நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவர்களுடைய குவேக்கா நடனத்தில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தொடாமல், ஆளுக்கொரு லேஞ்சியைச் சுழற்றியபடி, கோழியைச் சேவல் சுற்றுவதுபோல வளைய வருவார்கள். கிதாரும் பாட்டும் இருந்தால் மட்டும் போதாது, சுற்றி நிற்பவர்கள் கைதட்ட வேண்டும். கொழும்புக் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டுக்குக் கைதட்டி வளர்ந்த அம்மாவுக்கு அந்தத் தாளம் முதல் நாளே பிடிபட்டுவிட்டது. "இது எங்கட பைலா மாதிரியெல்லோ!" என்று சிரித்தார். மரிசோலின் தாய் எலேனா அன்ரி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "நீ தட்டினால் என் மகளுக்குக் கால் பிழைக்காது" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்கள் வீட்டில் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு பாட்டுக்குக் காலை அசைத்தாலே "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன குதியாட்டம்?" என்று கேட்கிற அதே அம்மா!

"அவள் ஆடலாம், நான் ஆடக் கூடாதோ?"

"நாங்கள் தட்டினதோட சரி பிள்ளை, ஆடினதில்லை."

செப்டம்பரில், அவர்களுடைய நாட்டுப் பெருநாளன்று, தேவாலய மண்டபத்தில் மரிசோல் தன் அண்ணனோடு ஆடினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற நான், வேண்டுமென்றே, தாளத்துக்கு முந்திப் பலமாகத் தட்டினேன். அவள் குதிக்கால் தடுமாறியது. உடனே அவள் பார்த்தது தன் தாயை அல்ல, என் அம்மாவை.

அம்மா என்னைத் திட்டவில்லை. பின்னால் வந்து என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்து, "இப்பிடி... இப்பிடி..." என்று தட்டவைத்தார். மரிசோலின் கால் தாளத்துக்குத் திரும்பியது. அம்மாவின் மூச்சு என் உச்சியில் பட்டது. அத்தனை ஞாயிறுகளும் நான் ஏங்கியது அதற்குத்தானே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் முழுக்க அவளிடம் இருந்தது.

அந்த மண்டபம் நின்ற இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அம்மாவும் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த மரிசோல் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கண்ணை மூடினால் அம்மாவின் கைதட்டல் இன்னும் கேட்கிறது என்றாள். எனக்குக் கேட்பதில்லை. என்னிடம் இருப்பது அந்தக் கைகளின் சூடு மட்டும்தான். சத்தத்தை அவள் கொண்டுபோய்விட்டாள். அதை அவளுக்கு விட்டுக்கொடுக்க, இந்த வயதிலும் எனக்கு மனம் வரவில்லை.