நான் எடுத்த கல்லை நான் தொடக்கூடாதாம்

கடல் உப்பும் லாரி டீசலும் கலந்த வாடை... மலாக்காவின் தங்கா பத்து கடற்கரை என்றாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கரை அரிக்காமல் இருக்க அப்போது லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர் பாயா ரும்புட்டில் ஒரு பேக்டரி ஆபீஸில் வேலை. ஞாயிறு ஆனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல் பொறுக்கப் போய்விடுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு கிடைத்த கல் உள்ளங்கை அளவு. கறுப்பு. சுருள் சுருளாகச் சுற்றி, குறுக்கே நெருக்கமான வரிகள்...

வீட்டு வாசலில் கழுவும்போது பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் பார்த்துவிட்டார். கோயில் கமிட்டி ஆள்.

"இது சாளக்கிராமம்லா. பெருமாள். பொம்பளைங்க தொடக்கூடாது. கோயில்ல குடுத்துரு, பாலபிஷேகம் பண்ணி வெச்சிரலாம்."

அம்மா பயந்துவிட்டார். "சாமி விஷயம்மா... குடுத்துரு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முட்டியைக் கிழித்துக்கொண்டு எடுத்தவள் நான். கொடுத்துவிட்டால் அது என்ன என்று பார்க்கக்கூட என்னைக் கிட்டே விடமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் கல்லை வாங்கிப்போகத் தட்டோடு வந்து நின்றார். நான் அடுப்படியிலிருந்து வினிகரை எடுத்து வந்து கல்லின் ஓரத்தில் நாலு சொட்டு விட்டேன். பொடிப்பொடியாக நுரை வந்தது.

"பாத்தியா, சாமிக்குக் கோவம் வருது."

காலையில் உடைத்த முட்டை ஓட்டிலும் விட்டேன். அதே நுரை.

"அப்ப முட்டைக்கும் கோவம் வருதாண்ணே? இது சுண்ணாம்பு. கடல்ல உயிரோட இருந்த ஏதோ ஒண்ணோட ஓடு, கல்லாயிருச்சு."

அம்மா சிரித்துவிட்டார். அண்ணன் வெறுந்தட்டோடு போனார். ஒரு மாதம் பேசவில்லை... போகட்டும்.

படத்தை ஒரு யூனிவர்சிட்டி விரிவுரையாளருக்கு அனுப்பினேன். அம்மோனாய்டு என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் ஓடு, மலாக்காவில் கிடைக்காதது, பகாங் மாநிலத்திலிருந்து லாரியில் வந்த கல்லோடு வந்திருக்கும் என்று பதில் போட்டார். சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் இதே வகைதானாம். ஆக, அண்ணன் கல்லைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். என்னைத்தான் தப்பாகப் பார்த்தார்.

இப்போது போனில் படம் பிடித்தால் நொடியில் பெயர் வந்துவிடுகிறது. வினிகர் வேண்டாம், சண்டை வேண்டாம். கல் இன்னும் என் வீட்டு ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

போன வாரம் மாணிக்கம் அண்ணனின் பேத்தி வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

கல்லை எடுத்து அவள் கையிலேயே வைத்தேன்.