விட்டு விட்டு வந்த வலி

போன கோடையில் என் கணவருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. மாரெட்பள்ளி வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை வாந்தி. எப்போதோ செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனின் தழும்பு உள்ளே குடலைப் பிடித்து இழுத்திருக்கிறதாம். மூக்கில் குழாய் போட்டு, தானாகத் திறக்கிறதா பார்க்கலாம் என்றார் சர்ஜன். என் மகள் வயதுப் பெண்.

போகும்போது என்னிடம் ஒன்று சொன்னார். விட்டு விட்டு வலித்தால் காத்திருக்கலாம். இடைவெளி இல்லாமல் வலி நிலைத்துவிட்டால் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், உடனே கூப்பிடுங்கள் என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்தால் வலி வருகிறது என்று அர்த்தம், விட்டால் போய்விட்டது என்று அர்த்தம். காலை முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் அவர் கம்பியைப் பிடிக்கவே இல்லை. கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தார். அப்பாடா என்று கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்குத் தேவலை என்றுகூடச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது நர்ஸ் தெலுங்கில் வலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். இவர் பர்வாலேது என்றார். வெளியாளிடம் அவருக்கு வேறு பதில் வராது; வீடே இடிந்து விழுந்தாலும் பரவாயில்லைதான். அவள் அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் அவர் நெற்றியைத் துடைத்தேன். வியர்வை சில்லென்று இருந்தது. மணிக்கட்டைத் தொட்டால் நாடி தறிகெட்டு ஓடியது.

"வலி போயிடுச்சாங்க?"

"எங்க போச்சு? விடாம இருக்கு. நீ போய்ச் சொல்லாதே. ஆபரேஷன் நக்கோ, வேணவே வேணாம்."

அவர் பேச்சைத் தினமும் மீறுகிறவள்தான் நான். ஆனால் அன்றுபோல் ஓடிப்போய் மீறியதில்லை. சர்ஜன் வந்து வயிற்றில் கை வைத்ததும் இவர் அலறிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சீக்கிரமே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

குடல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்ததாம். சிக்கை விடுவித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிக் காத்திருந்ததில் நிறம் திரும்பிவிட்டது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றார் சர்ஜன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், டாக்டருக்கு முன்னால் என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள் என்று பெருமையடிக்கிறார். நான் காபி கலக்குகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். அவர் குடல் கறுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.