கடைவாசலில் கேட்ட 'என்ன'

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எத்தனையோ துணி உடுத்திக் கிழித்தாயிற்று. ஆனாலும் பூப்போட்ட புதுச் சீத்தைத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால், பலாங்கொடைக் கடைவீதியில் அம்மாவும் நானும் சுற்றித் திரிந்த அந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கும்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறி வந்த புதிது. அங்கே காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான்; சிங்களத்தில் ஒரு சொல்கூட எங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் மலையில் வேலை இல்லை. அம்மா கையால் தைத்த நீலச் சீத்தைச் சட்டையைப் போட்டிருந்தேன். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் "அழகா இருக்குடி" என்றார்கள். நான்தான் பார்க்கவில்லை. எங்கள் ஒற்றை அறைக் 'காம்பரா'வில் இருந்தது உள்ளங்கை அளவு கண்ணாடி; மூக்கைப் பார்த்தால் கண் தெரியாது. டவுனில் ஒரு துணிக்கடையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து, என்னை ஒரு தடவை தலை முதல் கால் வரை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவை அரித்தெடுத்துவிட்டேன்.

அவசரமில்லாமல்தான் நடந்தோம். தொங்குகிற லாந்தர்களையும், காகித மடிப்பை விரித்துக் கல்லை வெயிலில் தூக்கிப் பார்க்கிற மாணிக்க வியாபாரிகளையும் வேடிக்கை பார்த்தோம். ஆனால் எந்தக் கடை வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து "என்ன, என்ன" என்று ஒரு குரல் வரும். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க மொதலாளி, சும்மாத்தான் பாத்தோம்" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். "தோட்டத்து ஆளுன்னா வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேக்குறாங்க பாரு" என்று முணுமுணுப்பாள்.

கடைசியாக அந்தத் துணிக்கடை. உள்ளே சுவரோரம் கண்ணாடி மின்னியது. முதலாளி எங்களைப் பார்த்ததும் "என்ன, என்ன" என்றார்.

"வா புள்ள, போயிருவோம்" என்றாள் அம்மா. நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

அந்த நேரம் ஒரு சிங்களப் பெண் வந்தாள். அவளிடமும் முதலாளி "என்ன, என்ன" என்றுதான் சொன்னார். அவள் பதிலே சொல்லாமல் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அம்மா, அவரு கேள்வி கேக்கலம்மா. வரச் சொல்றாரு."

"அடிப்போடி. என்னன்னா என்னன்னுதான் அர்த்தம்."

கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். முதலாளி விரட்டவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையசைத்து மறுபடியும் "என்ன" என்றார். சிங்களத்தில் அது "வாங்க" என்று அன்றுதான் விளங்கியது. காலையிலிருந்து வீதி முழுக்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. நாங்கள்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறோம்.

கண்ணாடிக்குள் நீலச் சட்டைக்காரி நின்றாள். கழுத்து ஒரு பக்கம் ஏறித்தான் இருந்தது, இருந்தாலும் அழகிதான். பின்னால் அம்மா வந்து நின்றாள். கொழுந்துக் கூடையோடு குனிந்தே பழகியவள், மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இம்புட்டு ஒசரமா, புள்ள?"

அதற்குப் பிறகு எந்த வாசலிலும் அம்மா கைகட்டி நிற்கவில்லை.

இன்று அந்தக் கடை இல்லை. அதே இடத்தில் போன் விற்கிறார்கள். வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களும் இல்லை. யாராவது கூப்பிடட்டும் என்று என் பேத்திகள் காத்திருப்பதும் இல்லை. இரண்டு பாஷையிலும் பேரம் பேசிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள்.

சின்னவளே, எழுத்துக்கூட்டி எழுதி முடித்துவிட்டேன். இதை எனக்கு வாசித்துக் காட்டு. அவசரப்படாதே. என் அம்மா பேசுகிற கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் வாசி.